சொன்ன விலை

திண்டுக்கல் கடைவீதியில் நூர் மேட்சிங் சென்டருக்குள் போன பெண்கள் எல்லோருமே துணி வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்கள் என்று சொன்னால் அது மிகை. ஆனால் அங்கிருந்து தோற்றுப்போன முகத்தோடு எவளும் வெளியே வந்ததில்லை. சேலைக்குப் பொருத்தமான ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ், உள்பாவாடை, இவ்வளவுதான் அங்கே சரக்கு. இதே சரக்கு பக்கத்துக் கடையிலும் உண்டு, எதிர்த்த கடையிலும் உண்டு. அங்கெல்லாம் இல்லாதது அஜீஸுன்னிசா.

அஜீஸுன்னிசாவிடம் ஒரு வித்தை இருந்தது. விலை பேசி முடித்ததும், துணியில் கத்தரியை வைப்பதற்கு முன்னால், ஒரு தடவை வாசல் பக்கம் பார்ப்பாள். பிறகு குரலை இறக்கி, "ஒங்களுக்குன்னு போட்டுத் தாரேன். வெளிய யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்பாள். வாங்க வந்தவளும் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டுவாள். இந்த ரகசியத்தை பேகம்பூரிலும் மேட்டுப்பட்டியிலும் நாகல் நகரிலும் பல நூறு பெண்கள் பல வருடமாகக் கட்டிக் காத்துவந்தார்கள். பெண்கள் வாயில் ரகசியம் தங்காது என்று எவனோ சொல்லிவைத்திருக்கிறான். அவன் மனைவிக்கு ஜாக்கெட் துணி எடுக்கக் கடைக்கு வந்திருக்க மாட்டான்.

விலை சொல்வதிலும் அவளுக்கு ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு துணிக்கும் ஒரு விலை அவள் மனதில் இருக்கும். அதை வாயால் சொல்ல மாட்டாள். பேரம் பேசுவதற்கென்றே இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வருகிறவளுக்கு ஏற்றிச் சொல்வாள். அவள் பேசிப்பேசி இறக்கிக்கொண்டு வந்து ஜெயிப்பாள். கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகிற வாயில்லாப் பூச்சிக்கு முதலிலேயே இறக்கிச் சொல்லிவிடுவாள். கடைசியில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். இதை ஏமாற்று என்று சொல்கிறவர்கள் கடைவீதிக்கே வராதவர்கள். அவர்களோடு நமக்குப் பேச்சில்லை.

வியாபாரம் இப்படி. கணக்கு எப்படி என்று கேட்டால்தான் அவள் வாசல் பக்கம் பார்ப்பாள்.

அவளுடைய தம்பி சனாவுல்லாவுக்குத் தோல் வியாபாரம். ஏசி போட்ட அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான். அத்தா மௌத்தாகும்போது கடைக் கட்டடத்தை மகன் பேருக்கும், கடையை மகள் கைக்கும் விட்டுவிட்டுப் போனார். சனாவுல்லா அக்காவிடம் ஒரு பைசா வாடகை வாங்கியதில்லை. தங்கமான தம்பிதான். ஆனால் ஆடிட்டர் இரண்டாவது தடவையும் கூப்பிட்டு, "உங்க அக்கா கடைக் கணக்கு இன்னும் வரல, அபராதம் போட்டுட்டாங்க" என்று சொன்ன அன்றைக்கு, காரை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்துவிட்டான்.

"அக்கா, இந்த எடத்த ஒரு செல்போன் கடைக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான். நல்ல வாடக தாரேங்கிறான். நாந்தான் தள்ளிப் போட்டுக்கிட்டு வாரேன்."

"கேட்டா கேட்டுட்டுப் போறான். அதுக்கு இப்ப என்னலே?"

"மார்ச் முடியிறதுக்குள்ள ஒங்க கணக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கணும். இல்லேன்னா அவனுக்கு சரின்னு சொல்லிருவேன். மாசாமாசம் வாடகைய ஒங்களுக்கே குடுத்துர்றேன். நீங்க நிம்மதியா வீட்ல இருங்க."

நிம்மதியாக வீட்டில் இருப்பது என்றதும் அஜீஸுன்னிசாவுக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டில் அவள் கிதர் முகம்மதுவின் மனைவி, அக்மலின் அம்மா. மாவரைத்தாயா, மாத்திரை எங்கே, மின்கட்டணம் கட்டியாச்சா. கடையில்தான் அவள் அஜீஸுன்னிசா. அந்த நாற்காலியை விட்டு இறங்கினால் தான் யாரென்று தனக்கே மறந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. ராத்திரிச் சோற்றின்போது கணவனிடம் சொன்னாள். கொடைரோட்டில் பழ மண்டி வைத்திருந்த கிதர் முகம்மது, "ஒங்க அக்கா தம்பி பஞ்சாயத்துல நான் வர மாட்டேன். வெஞ்சனம் வை" என்று சொல்லிவிட்டார்.

சனாவுல்லா போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தான். "கணக்குப் போட யூசர் ஃப்ரெண்ட்லியா ஒரு சாஃப்ட்வேர் பாத்து வாங்குங்க."

"யூசருன்னா யாருலே?"

"நீங்கதான். நீங்க சுலுவா பழகுற மாதிரி இருக்கணும்."

நான் சுலபமாகப் பழகிக்கொள்வேன், அது ஒரு பெரிய விஷயமா, என்று அவள் யோசித்தாள். அந்த மென்பொருள் வியாகுலம்மாளோடு பழக வேண்டுமே.

வியாகுலம்மாள் மேட்டுப்பட்டிக்காரி. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் ஜாக்கெட் துணி எடுக்க அவளைத்தான் கூட்டிக்கொண்டு வருவார்கள். "வியாகுலம் பேசுனா கடைக்காரன் அசலுக்கும் கீழ எறங்குவான்" என்று தெருவில் ஒரு பேர். அவள் ஆறு துணி எடுத்தால் இரண்டைத் திருப்பித் தருவாள், ஒன்றை மாற்றுவாள், போன மாதம் வாங்கிய ஒன்றை மடியிலிருந்து எடுத்து "இது சாயம் போகுது" என்பாள், கடைசியில் ஒரு பொட்டலம் கொக்கியைச் சும்மா எடுத்துக்கொள்வாள். இந்தச் சோதனையைத் தாண்டுகிற மென்பொருள் எதுவோ அதுதான் நமக்கு என்று அஜீஸுன்னிசா முடிவு செய்தாள். வியாகுலம்மாளிடம் சொன்னதும் அவளுக்கு மகா சந்தோஷம். இந்த மாதிரி ஒரு பரீட்சை நடத்த அவளை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

முதலில் ஆடிட்டர் சொல்லி அனுப்பிய ஆள், மதுரையிலிருந்து வந்தார். அந்த வெயிலில் டை கட்டியிருந்தார், பாவம். 'கணக்கரசன்' என்று பேர். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. வியாகுலம்மாள் பேசி முடித்து அவர் பில்லைப் பதிந்தும் விட்டார். அப்போது அவள் சொன்னாள்:

"இந்த அரக்கு வேணாம்ப்பா. மாம்பழக் கலரா எடுத்துக்கிறேன்."

"மேடம், பதிவாயிருச்சு. திரும்ப எடுக்கணும்னா காரணம் போடணும்."

"போடு. மனசு மாறிப்போச்சுன்னு போடு."

அவர் பட்டியலைத் திறந்து மேலும் கீழும் தேடினார். துணி சேதம் என்று இருந்தது, அளவு தவறு என்று இருந்தது, காலாவதி என்றுகூட இருந்தது. "அந்தக் காரணம் இதுல இல்லீங்க மேடம்" என்றார்.

"மனசு மாறுறதுக்கு எடமில்லாத மிஷின வச்சுக்கிட்டு பொம்பளைகளுக்கு எப்படிய்யா யாவாரம் பண்றது?" என்று கேட்டாள் வியாகுலம்மாள். அவர் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு கிளம்பினார்.

இரண்டாவது ஆள் நேரில் வரவில்லை. பெங்களூரிலிருந்து ஒரு பெண் செல்போன் திரையில் வந்தாள். சிரித்த முகம். வாங்குகிறவரின் போன் நம்பர், அதற்கு ஓடிபி, பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் கேட்டாள். கல்யாண நாளுக்கு வாழ்த்து அனுப்புவார்களாம்.

"ஏத்தா, அவரு போய்ச் சேந்தே பத்து வருசமாச்சு. ஒரு மீட்டர் லைனிங் வாங்க வந்தவள அத ஞாபகப்படுத்தி அழுகவைக்கணுமா?" என்றாள் வியாகுலம்மாள். திரையிலிருந்த பெண்ணுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

மூன்றாவதாக வந்தவன் விக்னேஷ்குமார். ஒட்டன்சத்திரத்துப் பையன், புதிதாகக் கல்யாணமானவன், பைக்கில் வந்தான். அவனிடமிருந்தது செல்போனிலேயே ஓடுகிற ஒரு செயலியும், சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பில் அச்சடிக்கிற மிஷினும்தான். எல்லாம் தமிழில். பச்சையை அழுத்தினால் சேரும், சிவப்பை அழுத்தினால் போகும். வியாகுலம்மாள் அரக்கை எடுத்தாள், வேண்டாமென்றாள், மாம்பழத்தை எடுத்தாள், அதையும் வேண்டாமென்று மறுபடி அரக்குக்கே வந்தாள்.

"பரவாயில்லீங்கம்மா, எத்தன வாட்டி வேணாலும் மாத்திக்கலாமுங்க" என்றான் அவன்.

சாயம் போன துணியை மடியிலிருந்து எடுத்தாள். அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. கடைசியாகக் கொக்கிப் பொட்டலத்தில் கை வைத்துக்கொண்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் 'இலவசம்' என்ற பொத்தானை அழுத்தினான்.

"இது மரியாத தெரிஞ்ச மிஷினு" என்று வியாகுலம்மாள் தீர்ப்புச் சொன்னாள். வேலியில் போன ஓணானைத் தன் கையாலேயே பிடித்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று அந்தப் புண்ணியவதிக்கு எப்படித் தெரியும்?

விக்னேஷ்குமார் அன்றைக்கே சரக்கையெல்லாம் ஏற்றினான். கடையில் வேலை பார்க்கிற பெருமாயி ஒவ்வொரு கட்டாக எடுத்துக் கொடுக்க, அவன் பதிந்துகொண்டே வந்தான். பூவேலை போட்ட ஜாக்கெட் துணிக் கட்டு வந்தது.

"ஏனுங்க்கா, இதுக்கு என்ன வெலைங்க?"

"யாருக்கு?"

"யாருக்குன்னா? துணிக்குத்தானுங்க வெல. ஒரு துணிக்கு ஒரு வெல போடோணுமுங்க."

அஜீஸுன்னிசாவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மிஷினிடம் போய் எதற்குப் பொய் சொல்ல வேண்டும், அதுவா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பேரத்துக்கு வரப்போகிறது என்று நினைத்து, மனதிலிருந்த விலையை அப்படியே சொன்னாள். "நூத்தி எம்பது." எல்லாத் துணிக்கும் அப்படித்தான் உண்மையைச் சொன்னாள். வந்த வினை முழுவதும் அந்த உண்மையிலிருந்துதான் வந்தது.

முதல் மாதம் தேனாகப் போனது. பெருமாயிகூடப் பச்சையும் சிவப்பும் பழகிக்கொண்டாள். வாடிக்கைக்காரிகள் நம்பரெல்லாம் அஜீஸுன்னிசாவின் போனில் முன்பே இருந்ததால், பில் தானாகவே அவரவர் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். கும்பிட்ட கைப்படமும் 'நன்றி, மீண்டும் வருக' என்ற வரியும் மேலே பெரிதாகத் தெரியும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று அனுப்பியவளும் பார்க்கவில்லை, வாங்கியவர்களும் பார்க்கவில்லை. ஆடிட்டர், "இந்த மாசக் கணக்கு கண்ணாடி மாதிரி இருக்கும்மா" என்று சொன்னதும் அஜீஸுன்னிசா நன்றி சொல்லி இரண்டு ரக்அத் ஷுக்ரானா தொழுதாள்.

பொன்னழகு என்று ஒருத்தி. ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து பூ கொண்டுவந்து மேட்டுப்பட்டித் தெருக்களில் முழம் போட்டு விற்பவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். நூர் மேட்சிங் சென்டரில் பூவேலைத் துணி ஒன்று எடுத்திருந்தாள். அவளுக்குப் பேரம் பேசவே தெரியாது. அஜீஸுன்னிசா "நூத்தம்பது குடு போதும்" என்றாள், கொடுத்துவிட்டுப் போனாள். போனில் ஏதோ வந்து விழுந்ததும் பயந்துபோய், வழக்கமாகப் பூ கொடுக்கிற வீட்டில் போனை நீட்டினாள்.

"யக்கா, கடையிலருந்து என்னமோ வந்திருக்கு. இன்னும் காசு கட்டச் சொல்றாகளான்னு செத்த படிச்சுச் சொல்லுங்க."

அந்த வீடு வியாகுலம்மாள் வீடு.

வியாகுலம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பூவேலை ஜாக்கெட் துணி. விலை நூற்றெண்பது, தள்ளுபடி முப்பது. அதே துணியை அவளும் போன வாரம்தான் எடுத்திருந்தாள். அஜீஸுன்னிசா இருநூற்றிருபது சொல்ல, தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி, இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி, நூற்றெழுபதுக்கு முடித்திருந்தாள். ஐம்பது ரூபாய் வெற்றி. அதை ஊரெல்லாம் சொல்லியும் விட்டாள். இப்போது தன் போனைத் திறந்து, கும்பிட்ட கைக்குக் கீழே முதல் தடவையாகப் படித்தாள். விலை நூற்றெண்பது, தள்ளுபடி பத்து.

நோன்புப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் அன்றைக்குக் கடையில் கூட்டம். வியாகுலம்மாள் படியேறி வந்து போனைக் கல்லாவின் மேல் வைத்தாள்.

"நிசா, அரைமணி நேரம் பேசுனேன். ரெண்டு வாட்டி எந்திரிச்சுப் போனேன். பத்து ரூவாயா?"

"யக்கா, அது மிஷினு தப்பா..."

"மிஷினு தப்பாப் போடாது. நாந்தான சோதிச்சுக் குடுத்தேன்? வாயே தொறக்காத பொன்னழகுக்கு முப்பது. எனக்குப் பத்து. நல்லாருக்கு."

கூட்டத்திலிருந்த மற்றப் பெண்களும் மெதுவாகத் தங்கள் போனை எடுத்துக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்கள். அஜீஸுன்னிசாவுக்கு நோன்பு நாக்கு இன்னும் வறண்டது.

"நா போறேன்" என்றாள் வியாகுலம்மாள். இத்தனை வருடத்தில் "வாரேன்" என்று சொல்லாமல் அவள் கடைப்படி இறங்கியது அன்றைக்குத்தான்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இருபது குறைந்தவள் பதினைந்து குறைந்தவளுக்குக் காட்டினாள், பதினைந்துக்காரி ஐந்துக்காரியிடம் காட்டினாள். பல வருடமாகக் காத்த ரகசியம் இரண்டு நாளில் சந்தி சிரித்தது. மேட்டுப்பட்டியிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. பேகம்பூர்ப் பெண்கள் வந்தார்கள், ஆனால் அவள் குரலை இறக்கி "ஒங்களுக்குன்னு..." என்று தொடங்கினாலே சிரித்தார்கள்.

சனாவுல்லா யோசனை சொன்னான். "ஒரே வெலன்னு போர்டு மாட்டுங்க. பிரச்சன முடிஞ்சது. எங்க தொழில்ல எல்லாம் அப்படித்தான்."

மாட்டினாள். வந்தவர்கள் துணியைத் தொட்டுப் பார்த்தார்கள், போர்டைப் பார்த்தார்கள், கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ஒருத்தி சொல்லியே விட்டாள்: "பேசாம வாங்குறதுக்கு செல்லுலயே வாங்கிக்கிருவோமே. வெயில்ல எதுக்கு வரணும்?" பகல் முழுக்க ஃபேன் சத்தம்தான் கேட்டது. "யாருகூடயும் சண்ட போடாம எனக்கு ஒடம்புக்கு ஏதோ பண்ணுதுக்கா" என்றாள் பெருமாயி. இந்தக் கடையைச் செல்போன் கடைக்காரன் கேட்கவே வேண்டாம், கொஞ்ச நாள் பொறுத்தால் காலியாகவே கிடைத்துவிடும் என்று அஜீஸுன்னிசாவுக்குத் தெரிந்துபோனது. மிஷினை விட்டால் தம்பி கடையை எடுத்துக்கொள்வான். மிஷினை வைத்துக்கொண்டால் கடையே கடையாக இராது.

ஒரு வெள்ளிக்கிழமை பெருமாயியைக் கடையில் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து மேட்டுப்பட்டிக்குப் போனாள்.

வியாகுலம்மாள் கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டாள். பழக்கத்தில் தண்ணீர்ச் செம்பை எடுத்துவிட்டு, நோன்பு ஞாபகம் வந்து திரும்ப வைத்தாள். அவளுக்கும் தவக்காலம், வெள்ளிக்கிழமை என்று ஒருசந்தி விரதம் இருந்தாள். ஆக இருவர் வயிறும் காலி, கோபம் மட்டும் நன்றாகத் தின்று கொழுத்திருந்தது.

"யக்கா, நான் ஒங்களுக்கு வெலய ஏத்திச் சொன்னது தப்புத்தான். அல்லாஹ் மேல ஆணையா..."

"ஏத்தா, செத்த நிறுத்து. ஏத்திச் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? அது தெரியாமயா இம்புட்டு வருசமா வந்தேன்?"

அஜீஸுன்னிசா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீ இருநூத்தி இருவது சொன்னா உள்ளுக்குள்ள நூத்தி எம்பதுன்னு எனக்குத் தெரியும். நான் நூத்தி இருவதுன்னு ஆரம்பிச்சா அது வாய்க்கு வந்ததுன்னு ஒனக்குத் தெரியும். பொன்னழகுக்கு நீ கொறச்சுக் குடுத்ததும் சரிதான். ஒத்தையா ரெண்டு பொண்ண வளக்குறவ. அதுக்கெல்லாம் எனக்குக் கோவமில்ல."

"பெறகு என்னக்கா?"

வியாகுலம்மாள் செம்பை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "வேலையில இருந்தப்ப எரநூறு பிள்ளைக்குச் சோறு போட்டேன். இப்ப இந்த வீட்ல என்ன எவ கேக்குறா? மருமக டிவி ரிமோட்டக்கூட குடுக்க மாட்டா. தெருவுல ஒரு கல்யாணம்னா மட்டும் 'வியாகுலத்தக் கூப்பிடு, அவ பேசுனா கொறையும்'பாங்க. எனக்கு இருக்கிறது அந்த ஒண்ணுதான். அத நீ பத்து ரூவான்னு எழுதிக் குடுத்துட்ட. தெரிஞ்சதுதான்த்தா எல்லாம். ஆனா தெரிஞ்சத எழுதிக் குடுக்கலாமா?"

அஜீஸுன்னிசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வீட்டில் நிம்மதியாக இருங்கள் என்று தம்பி சொன்னபோது தன்னைப் பயமுறுத்தியது எதுவோ அதுதான் இந்த அம்மாளையும் படுத்துகிறது என்று அவளுக்குப் புரிந்தது. தனக்கு நாற்காலி, இவளுக்குப் பேரம்.

"எழுதுனது தப்புன்னா, ஒழுங்கா எழுதிட்டாப் போச்சு" என்றாள். எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு, "திங்கக்கெழம வாங்க. வரலேன்னா நான் ஆட்டோவோட வந்து தூக்கிக்கிட்டுப் போவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஆட்டோவிலிருந்தே விக்னேஷ்குமாரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தத் தள்ளுபடிங்கிற வார்த்தையே பில்லுல இருக்கக் கூடாது. அதுக்குப் பதிலா, நான் வாயால சொன்ன வெலைன்னு ஒண்ணு, வாங்க வந்தவுக பேசிக் கொறச்சதுன்னு ஒண்ணு வரணும்."

"ஏனுங்க்கா, சொன்ன வெலைங்கிறது எதுங்க? ஆளுக்கு ஆள் மாறுமுங்களா?"

"மாறும்."

"அது கணக்குல எங்கீங்க சேரும்?"

"எங்கயும் சேராது. கணக்குல சேருறது கைக்கு வந்த காசு மட்டும். ஆடிட்டருக்கு அது போதும். இது அவுகளுக்கு."

"இப்பிடி ஒண்ண இதுக்கு முன்னால எந்தக் கடக்காரரும் கேட்டதில்லீங்க."

"கேட்டிருக்க மாட்டாக. ஒன் பொண்டாட்டி சேல எடுக்கும்போது கூட நின்னிருக்கியா?"

நின்றிருந்தான் போலிருக்கிறது. "புரிஞ்சுதுங்க்கா. ஞாயித்துக்கெழம பண்ணித் தந்தர்றனுங்க" என்றான். சொன்னபடி செய்தும் கொடுத்தான்.

திங்கட்கிழமை 'ஒரே விலை' போர்டு இறங்கியது. வியாகுலம்மாள் வந்தாள், வேண்டுமென்றே தெருவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஈஸ்டருக்கு ஒரு வெள்ளைப் பூவேலைத் துணி. அஜீஸுன்னிசா கூசாமல் இருநூற்று நாற்பது என்றாள். வியாகுலம்மாள் நெஞ்சில் கை வைத்து, "ஏசுவே" என்றாள். பேச்சு தொடங்கியது. சாயத்தைக் குறை சொன்னாள், அகலத்தைக் குறை சொன்னாள், எதிர்க் கடையைப் புகழ்ந்தாள். எழுந்து வாசல்வரை போனாள், அஜீஸுன்னிசா கூப்பிட்டாள், திரும்பி வந்தாள், மறுபடி எழுந்தாள். பெருமாயி இடையில் புகுந்து, "எங்கக்காவ விட்டா நீங்க கடையையே எழுதி வாங்கிருவீங்க" என்று தன் பங்குக்குச் சண்டை போட்டுத் தேறினாள். நூற்றெழுபதில் வந்து நின்றது.

சோப்பு டப்பா பில்லைத் துப்பியது. வியாகுலம்மாள் அதைக் கிழித்துத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, கூட வந்தவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"சொன்ன வெல எரநூத்தி நாப்பது. நீங்கள் பேசிக் கொறச்சது எழுவது. பாத்தியாடி? கம்ப்யூட்டரே சொல்லுது."

அவளுக்கும் தெரியும், அஜீஸுன்னிசாவுக்கும் தெரியும், கூட வந்த இருவருக்கும்கூடத் தெரிந்துதான் இருக்கும். ஆனால் எழுத்தில் இருந்தது எழுபது. அந்தப் பில் அன்றைக்கு மத்தியானத்துக்குள் மேட்டுப்பட்டி வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் சுற்றி வந்தது. மறுநாள், "எங்களுக்கு எம்புட்டுப் போடுதுன்னு பாப்போம்" என்று ஒரு கூட்டம் வந்தது. பெருநாள் வியாபாரம், அல்ஹம்துலில்லாஹ், கடை கொள்ளவில்லை. பொன்னழகுக்கு மட்டும் பில்லே போக வேண்டாம் என்று அஜீஸுன்னிசா அவள் நம்பரை எடுத்துவிட்டாள். எதற்குப் பாவம் பயந்து சாகிறாள்.

"வாரேன்த்தா" என்று சொல்லிவிட்டுத்தான் வியாகுலம்மாள் போனாள். கொக்கிப் பொட்டலத்தையும் மறக்கவில்லை.

மார்ச் கடைசியில் சனாவுல்லா வந்தான். ஆடிட்டர் கொடுத்த தாள்களைக் கையில் வைத்திருந்தான். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை என்ற வருத்தம் முகத்தில் லேசாகத் தெரிந்தது. இந்தத் தடவை அபராதம் இல்லை. வியாபாரமும் போன வருடத்தைவிட ஏறியிருந்தது. போர்டைக் காணோமே என்று கேட்க வாயெடுத்தவன், மனைவி ரஃபியா சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்து, "பூவேல போட்ட ஜாக்கெட் பிட்டு ஒண்ணு வேணுமாம். பச்ச" என்றான்.

பெருமாயி எடுத்துப் போட்டாள்.

"எம்புட்டுக்கா?"

அஜீஸுன்னிசா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "எரநூத்தி நாப்பது."

"எனக்கேவா? கூடப்பொறந்த தம்பிக்கா. பாத்துப் போடுங்க."

"ஒரே வெலன்னு நீதானலே சொன்ன?"

"அது ஊருக்கு." சனாவுல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஏசி அறையையும் மறந்தான், வெளியே வழியை மறித்துக் காரை நிறுத்தியிருப்பதையும் மறந்தான். சின்ன வயதில் தான் அக்காவுக்குக் காற்றாடி கட்டிக் கொடுத்த கதையை எடுத்தான். அத்தா பேரை இழுத்தான். ஒரு தடவை எழுந்து வாசல்வரைகூடப் போனான். கடைசியில் அவள் ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்தாள். குரலை இறக்கினாள்.

"சரி, நூத்தி எம்பது குடு. ஒனக்குன்னு போட்டுத் தாரேன். வெளிய யாருகிட்டயும் சொல்லிறாத."

அவனும் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டினான். பில் வந்தது. சொன்ன விலை இருநூற்று நாற்பது, நீங்கள் பேசிக் குறைத்தது அறுபது. இரண்டு தடவை படித்தான். போனில் அதைப் படமெடுத்து ரஃபியாவுக்கு அனுப்பிவிட்டு, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டான். அப்புறம் அங்கேயே நின்றபடி யாரையோ கூப்பிட்டு, "பாய், அந்தக் கடவீதி எடம் கெடைக்காது. எங்கக்கா நல்லா நடத்துறாங்க. நீங்க வேற எடம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, "வாரேன்க்கா" என்று படியிறங்கினான்.

அஜீஸுன்னிசா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கார் போனதும் பெருமாயி ஓடி வந்தாள்.

"ஏக்கா, நூத்தி எம்பதுதான அந்தத் துணி! கூடப்பொறந்தவருக்கு ஒத்த ரூவாகூடவா கொறைக்கக் கூடாது?"

"ஏன் கொறைக்கல? அறுவது ரூவா கொறச்சிருக்கேன்" என்றாள் அஜீஸுன்னிசா. "பில்லுல இருக்கு, வேணும்னா பாரு."